கழுத்து மருக்களை யாரிடம் காட்டுவது, எப்படி அகற்றுவது?

கேள்வி: எனக்கு வயது 47. களுவாஞ்சிகுடிக்கு அருகே வசிக்கிறேன். கழுத்தின் இரு பக்கங்களிலும் அக்குள்களிலும் சிறு சிறு மருக்கள் தொங்குகின்றன. தாலிக்கொடி உரசும்போது எரிகிறது. என் தங்கை ஓர் அழகு நிலையத்தில் மின்கருவியால் சுட்டு எடுத்தாள். ஏழு மாதமாகியும் கறுப்புப் புள்ளிகள் மாறவில்லை. மச்சாள் தலைமுடியால் இறுகக் கட்டினார். அந்த இடம் வீங்கிச் சீழ் பிடித்தது. என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரோ வைத்தியசாலையில் அகற்றிவிட்டு மறுநாளே பாடசாலைக்கு வந்தார். யாருடைய அனுபவத்தை நம்புவது? இது புற்றுநோயாக மாறுமா? வெட்டினால் பரவுமா? வேளாண்மை செய்யும் என் கணவரின் கண் இமையிலும் ஒரு மரு இருக்கிறது. அதற்கு எருக்கலம்பால் வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் வருகின்ற மூவருடைய அனுபவங்களும் உண்மையானவை. கிளினிக்கில் இந்த மூன்றையும் நான் மீண்டும் மீண்டும் கேட்கிறேன். மருவை அகற்றுவது தோல் வைத்தியத்தில் மிகச் சிறிய வேலை. ஆனால் அகற்றுவதற்கு முன் அது என்னவென்று தெரிந்த ஒருவர் பார்த்தாரா, அகற்றிய பின் அந்த இடம் எப்படிப் பராமரிக்கப்பட்டது என்ற இரண்டும்தான் ஒருவரை மறுநாள் பாடசாலைக்கும் இன்னொருவரைச் சீழோடு வைத்தியசாலைக்கும் அனுப்புகின்றன. ஆகவே எந்த முறையைத் தெரிவு செய்வது என்று யோசிப்பதற்கு முன்னர், ஒரு வைத்தியரிடம் கழுத்தைக் காட்டுங்கள். அதே வருகையில் இரத்தத்தில் சீனியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை முதலில் சொல்வதற்கான காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் இடங்களையும் வடிவத்தையும் கொண்டு பார்த்தால், இவை வைத்தியக் குறிப்புகளில் ஸ்கின் டேக் என்று எழுதப்படுகின்ற, தீங்கற்ற தோல் வளர்ச்சிகளாக இருக்கவே சாத்தியம் அதிகம். தளர்வான கொலாஜன் நார்களும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் உள்ளே இருக்க, மேலே சாதாரணத் தோல் போர்த்தியபடி, மெல்லிய காம்பொன்றில் இவை தொங்கும். பெரும்பாலானவை 1 முதல் 5 மில்லிமீற்றர் வரையான அளவில், தோலோடு தோல் உரசுகின்ற கழுத்து, அக்குள், மார்பின் கீழ்மடிப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களிலும் கண் இமையிலும் தோன்றும். வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒன்றாவது இருக்கும். இவை புற்றுநோயாக மாறுவதில்லை. வெட்டினால் பரவுவதும் இல்லை. வைரஸினால் வருகின்ற பாலுண்ணி, சவரம் செய்யும்போதும் சுரண்டும்போதும் பக்கத்துத் தோலுக்குப் பரவக்கூடியது. அதைக் கண்டவர்கள் எல்லா மருவுக்கும் அந்த அச்சத்தையே வைத்துக்கொண்டார்கள். மரு வளரும் இயல்புள்ளவருக்குச் சில மாதங்களின் பின் வேறிடத்தில் புதியது வருவதுண்டு. அது வெட்டியதனால் வந்ததன்று.

எனினும் ஒரு கடிதத்தை வாசிப்பது பரிசோதனைக்கு ஈடாகாது. காம்புள்ள மச்சம், நரம்புறையிலிருந்து வளரும் மென்கட்டி, பாலுண்ணி, வயதோடு வருகின்ற கறுத்த தடிப்புகள் ஆகியவையும் பார்ப்பவர் கண்ணுக்கு மருவாகவே தெரியும். மிக அரிதாகத் தோல் புற்றுநோயொன்றும் இந்த வடிவில் ஒளிந்திருக்கலாம். சில வாரங்களுக்குள் வேகமாகப் பெருப்பது, தானாகவே இரத்தம் கசிவது, நடுவில் புண்ணாவது, ஒன்றிலேயே பல நிறங்கள் தெரிவது, தொட்டால் கெட்டியாக இருப்பது ஆகிய அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் அதை உடனே காட்ட வேண்டும். சந்தேகமான துண்டை வைத்தியசாலையில் கெடாமல் காக்கும் போமலின் திரவத்தில் இட்டு நோயியல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அழகு நிலையத்தில் சுட்டுக் கருக்கிய பின் பரிசோதிப்பதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. அழகு நிலையங்களில் இதைச் செய்விக்க வேண்டாமென்று நான் கேட்பதற்கு முதற்காரணம் இதுவே. தழும்பு இரண்டாவது காரணம்தான்.

இனிச் சீனியைப் பற்றிச் சொல்கிறேன். கழுத்திலும் அக்குளிலும் பல மருக்கள் சேர்ந்து தோன்றும்போது, அவற்றை உடல் எழுதி அனுப்பிய குறிப்பாகவே நான் வாசிக்கிறேன். உடலின் திசுக்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காதபோது கணையம் அதனை மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்து நிற்கின்ற அந்த இன்சுலின், தோலின் உயிரணுக்களில் உள்ள வளர்ச்சிக் காரணிகளுக்கான வாங்கிகளையும் தூண்டிவிடுகிறது. அதன் விளைவாக மடிப்புகளில் மருக்களும், பலருக்குக் கழுத்தின் பின்புறத்தில் வெல்வெட்டுத் துணி போன்ற தடித்த கறுப்பும் உண்டாகின்றன. அந்தக் கறுப்பை அழுக்கென்று எண்ணித் தேசிக்காயாலும் பீர்க்கம் நாராலும் தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருகின்ற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகும்; சில தாய்மார், சரியாகக் குளிப்பதில்லை என்று தம் பிள்ளைகளை ஏசவும் செய்கிறார்கள். தேய்த்தால் அது போகாது. உடற்பருமனும் இன்சுலினும் குறையும்போதுதான் மெல்ல மெல்ல வெளிறும்.

மரு உள்ள எல்லோருக்கும் நீரிழிவு இருக்கிறது என்று இதற்குப் பொருளில்லை. வயது, பரம்பரை, உரசல், கர்ப்பகாலம் ஆகியவற்றாலும் மருக்கள் வரும். ஆனால் உங்கள் வயதில், இத்தனை மருக்களோடு, சீனி வருத்தம் வீட்டுக்கு வீடு இருக்கின்ற நமது கிழக்கு மாகாணத்தில் வாழும் ஒருவர் இந்தப் பரிசோதனையைத் தவிர்ப்பதை நான் ஏற்க மாட்டேன். குறைந்தது எட்டு மணிநேரம் எதுவும் உண்ணாமலிருந்து காலையில் இரத்தம் கொடுத்தால், ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவானது இயல்பு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. 126 அல்லது அதற்கு மேல் இருமுறை வந்தால் அது நீரிழிவு. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 வீதம் அந்த எல்லையாகும். இடுப்புச் சுற்றளவையும் ஒரு நாடாவினால் அளந்துகொள்ளுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் கவனம் தொடங்க வேண்டிய அளவுகள். பிள்ளைகளைச் சுமந்த காலத்தில் எப்போதாவது சீனி கூடியிருந்தது என்று சொல்லியிருந்தார்களென்றால், அதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். சீனி கட்டுப்பாடின்றி இருந்தால் மருவை அகற்றிய சிறு புண்கூட ஆறத் தாமதமாகும். எளிதில் கிருமியும் தொற்றும். உங்கள் மச்சாளுக்குச் சீழ் பிடித்ததென்றால், அவரையும் ஒருமுறை இந்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் ஆசிரியத் தோழிக்குச் செய்தது பெரும்பாலும் கத்தரிக்கோல் முறையாக இருக்கும். தோலைத் துடைத்துச் சுத்தம் செய்து, மருவின் அடியில் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஊசி போட்டு, காம்பைக் கிடுக்கியால் பிடித்து, வளைந்த கூரிய கத்தரிக்கோலால் தோல் மட்டத்தில் வெட்டிவிடுவார்கள். இரத்தம் கசிந்தால் சற்று நேரம் அழுத்திப் பிடிப்பார்கள், அல்லது அலுமினியம் குளோரைட் தொட்டு வைப்பார்கள். நோயாளிகளிடம் கேட்டால், ஊசி உள்ளே போகும்போது சில விநாடிகள் எரிந்தது, வெட்டியது தெரியவேயில்லை என்றுதான் பெரும்பாலானோர் சொல்கிறார்கள். ஓரிரு மில்லிமீற்றர் அளவே உள்ளவற்றை ஊசியின்றியே வெட்டுவதுண்டு. அங்கே ஊசியின் குத்தல்தான் வெட்டை விட அதிகமாக நோகும். மெல்லிய காம்புடைய மருவுக்கு நான் முதலில் எடுப்பது இந்தக் கத்தரிக்கோலையே. காயம் சிறியது, சுற்றுத்தோல் சூட்டுக்கோ குளிருக்கோ ஆளாவதில்லை, வெட்டிய துண்டும் கையில் இருக்கிறது.

மின்சூட்டு முறையும் நல்ல முறைதான். சூட்டின் அளவு தெரிந்தவர் கையில் அது இருக்க வேண்டும். தோல் கருகும் மணம் பலரை அச்சுறுத்துகிறது என்பதால், நான் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், ஏனெனில் மின்கருவி அதன் இயக்கத்தைக் குழப்பக்கூடும். மறை 196 பாகை செல்சியஸில் உள்ள திரவ நைதரசனால் உறையவைக்கும் முறையில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. ஆனால் நமது மாநிறத் தோலுக்கும் கருநிறத் தோலுக்கும் அதில் ஒரு சங்கடம் உண்டு: தோலுக்கு நிறம் கொடுக்கின்ற உயிரணுக்கள் மற்றவற்றை விடக் குளிருக்கு விரைவில் இறந்துவிடும் என்பதால், மரு போன இடத்தில் வெள்ளைப் புள்ளியொன்று நெடுங்காலம் நிற்கலாம். கழுத்து எல்லோர் கண்ணிலும் படும் இடம் என்பதனால் அங்கே இந்த முறையை நான் விரும்புவதில்லை.

உங்கள் தங்கைக்கு நேர்ந்ததை இதே தோல் இயல்பு விளக்குகிறது. சூட்டினால் உண்டான அழற்சி, நிற உயிரணுக்களைத் தூண்டி மிகையான நிறத்தைக் கொட்டச் செய்கிறது. மின்கருவி காம்போடு நிற்காமல் ஆழமாகப் போயிருந்தால் கறுப்பும் ஆழமாக இருக்கும். ஏழு மாதத்தை வைத்து இது நிரந்தரம் என்று முடிவுகட்ட வேண்டாம். இத்தகைய கறுப்பு மெதுவாக மங்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் செல்லும். அந்தக் காலம் முழுவதும் வெயில் படாமல் மூடுவதும், எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில்காப்புக் கிரீம் பூசுவதும்தான் முக்கியமான வைத்தியம். கடைகளிலும் முகநூலிலும் விற்கின்ற வெள்ளையாக்கும் கிரீம்களை அவள் தொடவே கூடாது என்று என் சார்பில் சொல்லுங்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும், சிலவற்றில் வலிமையான ஸ்டீரொயிட் கலந்திருக்கும். முதலாவது சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரண்டாவது தோலை மெலியவைக்கும். புள்ளிகள் தடித்து, கெட்டியாகி, அரிப்பெடுத்தால் அது நிறமாற்றமாக இருக்காது. வளர்கின்ற தழும்பாக இருக்கலாம். அதற்கு ஊசி மருந்து உண்டு. எவ்வளவு விரைவில் வருகிறாரோ அவ்வளவு நல்லது. கருவியின் முனையை ஒவ்வொருவருக்கும் மாற்றினார்களா, கிருமிநீக்கம் செய்தார்களா என்பதையும் கேளுங்கள். இல்லையென்றால் அல்லது நினைவில்லையென்றால், இரத்தத்தின் வழியே தொற்றும் ஈரல் அழற்சி வைரஸ்கள் பற்றி வைத்தியரோடு பேசிப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

மச்சாள் முடியால் கட்டியதை நான் குறைகூற விரும்பவில்லை. நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்துவந்ததையே அவரும் செய்தார். இரத்த ஓட்டத்தை நிறுத்தினால் சதை காய்ந்து விழும் என்ற எண்ணத்தில் தவறில்லை, நூலளவு காம்புள்ள சில மருக்கள் அப்படி விழவும் செய்கின்றன. காம்பு சற்றுத் தடித்திருந்தாலோ முடிச்சு போதிய இறுக்கமின்றி இருந்தாலோ, சதை முழுதும் இறக்காமல் பாதி அழுகிய நிலையில் நாட்கணக்காக நிற்கிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களின் வியர்வையும், அக்குளில் இயல்பாகவே வாழ்கின்ற கிருமிகளும் அந்த இடத்தில் சேர்ந்தால் சீழ் பிடிப்பது வியப்பன்று. அத்தகைய புண்ணோடு வருபவர்களுக்கு ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டார்கள் என்பதையும் நாங்கள் கேட்போம். கைக்குழந்தையின் காதுக்கு முன்னால் பிறவியிலேயே இருக்கும் சிறு தசையை மட்டும் எவரும் நூலால் கட்டிவிட வேண்டாம். அதன் உள்ளே குருத்தெலும்பு இருக்கக்கூடும் என்பதால் அதைச் சிறுவர் வைத்தியரே பார்க்க வேண்டும்.

இதைவிட எனக்கு அச்சம் தருபவை, எரித்து எடுப்பதற்காகப் பூசும் பொருட்கள். சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்துப் பூசுவது கழுத்தில் எரிகாயத்தை உண்டாக்கும். நம் மாவட்டத்தில் மரமுந்திரிகை விளையும் ஊர்களில் அதன் கொட்டை ஓட்டிலிருந்து வடியும் எண்ணெயை மருவில் தொட்டுவைப்பார்கள். அதிலுள்ள அனாகார்டிக் அமிலமும் கார்டோலும் மருவோடு சுற்றியுள்ள நல்ல தோலையும் கொப்புளிக்கச் செய்துவிடும். இணையத்தில் விற்பனையாகும் கிரீம்களும் இதே வகையைச் சேர்ந்தவை. மருவை அகற்றுவதற்கென்று தன்னால் அங்கீகரிக்கப்பட்ட எந்த மருந்தும் இல்லையென்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022ஆம் ஆண்டில் வெளிப்படையாக எச்சரித்து, விற்பனையாளர்களுக்குக் கடிதமும் அனுப்பியது.

நீங்கள் முதலில் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து கடிதம் பெற்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்குப் போகலாம். அம்பாறை மாவட்டத்து வாசகர்கள் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள ஆதார வைத்தியசாலைகளில் தொடங்கலாம். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் இது அவசர நோய் அல்ல என்பதனால், நெரிசலான நாளில் பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியதாகப் பல நோயாளிகள் மனம் நொந்து சொல்லியிருக்கிறார்கள். அழகுக்காக என்று மட்டும் சொல்லாமல், தாலிக்கொடியில் சிக்குகிறது, எரிகிறது, இரத்தம் வந்திருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உரசலுக்கும் வலிக்கும் நிவாரணம் கேட்பது உங்கள் உரிமை. தனியார் வைத்தியசாலையென்றால், கட்டணம் ஒரு மருவுக்கா அல்லது ஒரு முறைக்கா என்பதை முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அக்குளையும் தொடையிடுக்கையும் காட்டக் கூச்சப்பட்டு, பல வருடங்கள் புண்ணோடு இருந்துவிட்டு வருகின்ற பெண்கள் உண்டு. பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. தாதியொருவர் உடனிருக்க வேண்டுமென்றும் கேட்கலாம். அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் காக்கும் மருந்துகளைக் குடிப்பவர்கள் அதைத் தெரிவிக்க வேண்டும். ஆனால் வைத்தியர் சொல்லாமல் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது.

அகற்றிய பின் ஒரு நாள் அந்த இடத்தை நனைக்காமல் வைத்திருங்கள். அதன்பின் சுத்தமான நீராலும் மென்மையான சவர்க்காரத்தாலும் கழுவி, ஒற்றித் துடைத்து, வைசலின் சிறிது பூசினால் போதும். காயத்தூள், மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். பொருக்கு தானாக விழும்வரை தாலிக்கொடியைக் கழுத்தில் உரசாதபடி நீளமாக விடுங்கள், அல்லது இரண்டு வாரங்களுக்குக் கழற்றி வையுங்கள். இதற்கு வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் வைத்தியர் சொன்னார் என்று சொல்லுங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். சிவப்பு பரவுதல், வலி கூடுதல், சீழ், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் அன்றே வைத்தியரிடம் வாருங்கள். அடியோடு வெட்டிய மரு அதே இடத்தில் மீண்டும் வருவது அரிது.

உங்கள் கணவருக்கு இரண்டு விடயங்கள். உடலின் எந்த இடத்திலாவது மருவை அகற்றிய புண் ஆறும்வரை அவர் வயல் சேற்றில் இறங்கக் கூடாது. ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவினால் வருகின்ற மெலியோய்டோசிஸ் என்ற கடுமையான நோய் நமது மாகாணத்திலும் கண்டறியப்பட்டுள்ளது. தோலின் சிறு காயமும் அதற்கு வாசலாகலாம், நீரிழிவு உள்ளவர்களையே அது அதிகம் தாக்குகிறது. ஆகவே பெரும்போக விதைப்பும் மழையும் நடக்கும் காலத்தைத் தவிர்த்து, அறுவடை முடிந்த பின் ஒரு நாளைத் தெரிவு செய்வது நல்லது. அவருக்கும் சீனிப் பரிசோதனை செய்யுங்கள்.

எருக்கலம்பாலை இமைக்கு அருகே கொண்டுபோகவே வேண்டாம். அது கண்ணுக்குள் பட்டால் கருவிழியின் உட்புற உயிரணுக்கள் பாதிக்கப்பட்டு, கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். வலி பெரிதாகத் தெரியாமலே இது நடப்பதுண்டு என்பதனால் பலர் நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். இமையில் உள்ள மருவைக் கண் வைத்தியரோ தோல் வைத்தியரோ கண்ணைக் காத்துக்கொண்டு சில நிமிடங்களில் அகற்றிவிடுவார். இமை விளிம்பிலேயே இருந்தால் கண் வைத்தியரிடம்தான் போக வேண்டும். இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னரே யாராவது அந்தப் பாலைப் பூசி, துளியேனும் கண்ணில் பட்டிருந்தால், சுத்தமான நீரைக் கால்மணி நேரமாவது விடாமல் ஊற்றிக் கழுவிவிட்டு, வலி இல்லாவிட்டாலும் அன்றே அவரைக் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச்செல்லுங்கள்.